நான் அங்கே இல்லையாம்

மெல்ச்சோரா அவுக்காசி என்னிடம் பேசிய முதல் வாக்கியமே தப்பாக இருந்தது.

"பஸ்ல வந்தேனாம்," என்றாள். "வழி பூரா மழையாம்."

மலைநகரமான வாமங்காவின் நீதிமன்ற வராந்தாவில், ஜன்னலோர பெஞ்சில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுபதை நெருங்கும் வயது. கம்பளிப் பாவாடையின் ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. நனைந்து வந்தவளே மழையாம் என்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பஸ்ல நல்லாத் தூங்கிட்டீங்களாம்மா?"

"இல்லையாம். முழிச்சுக்கிட்டுத்தான் வந்தேனாம்."

கெச்சுவா பேசுகிற எவரும் இப்படிப் பேச மாட்டார்கள். எங்கள் மொழியில் கண்ணால் பார்த்ததற்கு ஒரு முடிவு, காதால் கேட்டதற்கு ஒரு முடிவு. 'வந்தான்' என்றால் வந்ததை நான் பார்த்தேன். 'வந்தானாம்' என்றால் யாரோ சொன்னார்கள், எனக்குப் பொறுப்பில்லை. நமக்கே நடந்ததானாலும், நம் நினைவில் இல்லாததென்றால் 'ஆம்' போட்டே ஆக வேண்டும். 'நான் புதன்கிழமை பிறந்தேனாம்.' 'நேத்துக் குடிச்சுட்டு மாமனாரைத் திட்டினேனாம்.' தொட்டில், தூக்கம், போதை, இதற்கெல்லாம் அந்தச் சலுகை உண்டு. பேச்சு வந்த குழந்தைக்கே இது தெரியும். மாற்றிப் பேசுகிறவனைப் பொய்யன் என்போம், இல்லாவிட்டால் கொஞ்சம் தள்ளி உட்காருவோம். ஸ்பானிஷ்காரர்களுக்கு இந்த 'ஆம்' கிடையாது. பார்த்ததையும் கேட்டதையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவார்கள். ஐந்நூறு வருஷமாகக் கூடவே இருக்கிறார்கள், இதை மட்டும் எங்களிடம் கற்றுக்கொள்ளவில்லை.

இந்த இரண்டு மொழிக்கும் நடுவில் நின்று பிழைப்பு நடத்துகிறவள் நான், டெல்ஃபினா சுல்கா, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். இந்த வேலையில் ஒரு விதி உண்டு. சாட்சி 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவள் சொல்கிறாள்' என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. எண்பதுகளின் உள்நாட்டுப் போர் வழக்குகளில் இப்படிப் பேசிப் பேசி, என் வாயாலேயே நான் எத்தனையோ முறை விதவையாகியிருக்கிறேன், பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தால் மறுபடி நானாகிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மெல்ச்சோரா வந்தது அவள் தம்பி மாக்சிமோவுக்காக. இருவரும் ஆடு மேய்க்கும் மலைமேட்டுக்காரர்கள். 1984-இல், கம்பளி விற்க இறங்கி வந்து தங்கியிருந்த சான் ஹசிந்தோவில், ராணுவம் அவனைப் பிடித்தபோது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. முகாமுக்குள் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. வெளியே வந்ததைப் பார்த்தவர் இல்லை. மன்னிப்புச் சட்டம் என்று ஒன்றைப் போட்டு வழக்கை மூடினார்கள். கோஸ்டா ரிக்காவில் இருக்கிற அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம், அப்படி மன்னிக்க எந்த அரசுக்கும் உரிமை கிடையாது என்று சொன்ன பிறகு மறுபடி திறந்தார்கள். திறந்து என்ன? அதற்குள் சாட்சிகள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிவிட்டார்கள். முகாம் மைதானத்தைத் தோண்டிப் பார்த்தார்கள், பழைய குழாய்கள்தான் வந்தன. இப்போது நிலத்தை விற்று வீடு கட்டப்போகிறார்கள். கடைசிச் சாட்சி மெல்ச்சோராதான். புதைத்த இடம் எது என்று அவள் பேச்சிலிருந்து தெரிந்தால் இன்னொரு தடவை தோண்டலாம். தெரியவில்லை என்றால் சிமெண்ட் ஊற்றிவிடுவார்கள், மாக்சிமோ யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைக்கு அடியில் கிடப்பான்.

எனக்கும் அந்த முகாமைத் தெரியும். சான் ஹசிந்தோதான் என் ஊர். என் அக்கா ஈர்மா அதே வருஷம், அதே மாதம், சந்தைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. யார் பிடித்தார்கள் என்று பார்த்தவர்கூட இல்லாததால் வழக்கும் இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது முடிய ஒரு நாள் இருந்தது. இதையெல்லாம் ஒவ்வொரு வழக்கின் தொடக்கத்திலும் நீதிமன்றத்துக்குச் சொல்லிவிடுவேன். யாரையும் பறிகொடுக்காத மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்றால் வேறு நாட்டிலிருந்து வரவழைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் பக்கம் வக்கீல், நீதிபதி எல்லோரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர்களால் யாருக்கும் குணமானதில்லை. அன்று நீதிபதி இருக்கையில் டாக்டர் ஒலார்த்தே. பேச்சுக் குறைந்த பெண்மணி, எல்லோரையும் பேசவிட்டுப் பேனாவை உருட்டிக்கொண்டிருப்பார். அரசுத் தரப்பில் டாக்டர் பெந்தேசு, எப்போதும் வயிற்றுவலிக்காரர் முகம். எதிர்த் தரப்பில் லீமாவிலிருந்து வந்த டாக்டர் ரிசோ, பளபளக்கும் காலணி. முகாமை நடத்திய கேப்டன் சுவரில் இருந்த திரையில் தெரிந்தார். சர்க்கரை வியாதி முற்றிவிட்டதாம், மலை ஏறி வர முடியாதாம், அதனால் லீமாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி விசாரணையில் கலந்துகொண்டார். முக்கால்வாசி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். தான் கடற்கரைக்காரன், மலைக்காரர்கள் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது, அதனால் யாரையும் தான் விசாரித்திருக்கவே முடியாது என்பது அவர் வாதம். வழக்கு தொடங்கியதிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மெல்ச்சோரா தம்பியைப் பிடித்த காலையைச் சொன்னாள். "கதவ ஒடைச்சாங்க. பழுப்புக் கம்பளிச் சட்டை போட்டிருந்தான், நான் பின்னிக் குடுத்தது. இழுத்துட்டுப் போனாங்க. நான் பின்னாடியே ஓடினேன்." ஒரு 'ஆம்' இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. காலையில் ஏதோ பஸ் களைப்பில் உளறியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"முகாம் கேட்டு வரைக்கும் ஓடினேன். கேட்ட மூடிட்டாங்க. முற்றத்துல நடக்க வெச்சாங்க. கண்ணக் கட்டியிருந்தாங்க. எடது காலு நொண்டிச்சு அவனுக்கு."

என் நாக்கு தடுமாறியது. மூடிய கேட்டுக்கு உள்ளே நடந்ததையும் அவள் பார்த்தவள் போலவே சொன்னாள். ஆனாலும் மொழிபெயர்த்தேன். ஸ்பானிஷில் அந்தத் தப்பு தெரியவே இல்லை.

டாக்டர் ரிசோ எழுந்தார். "கேட்டை மூடிட்டாங்கன்னு சொல்றாங்க. அப்புறம் உள்ளே நடந்தது எப்படித் தெரிஞ்சுது? சாட்சிக்கு இறக்கை ஏதாவது இருக்கா? ஒரே கேள்வி. அவங்க அங்கே இருந்தாங்களா, இல்லையா?"

கேட்டேன். மெல்ச்சோரா என்னைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்:

"நான் அங்க இல்லையாம்."

பெந்தேசு என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். அவருக்குக் கெச்சுவா அரைகுறை. ஏதோ கோணலாகிவிட்டது என்று மட்டும் புரிந்திருந்தது. 'நான் அங்கே இல்லை' என்று ஸ்பானிஷில் சொன்னால் வழக்கு அந்த இடத்திலேயே செத்துவிடும். ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததைச் சொல்ல எனக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

"நான் அங்கே இல்லை என்று சொல்கிறார்கள்," என்றேன்.

"யார் சொல்றாங்க?" என்றார் ரிசோ.

"எல்லாரும்தான்," என்றாள் மெல்ச்சோரா. "வெளிய செவுத்துல சாஞ்சு தூங்கிட்டு இருந்தேனாம்."

ரிசோ சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவை உருட்டுவதை நிறுத்திவிட்டு மெல்ச்சோராவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாப்பாட்டு இடைவேளை விட்டார்.

வராந்தாவில் பெந்தேசு என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா டெல்ஃபினா, மொழிபெயர்க்கச் சொன்னா கவிதை படிக்கிறே? அந்த ஆளு அவங்களைப் பைத்தியம்னு எழுதி வாங்கப் போறான்."

"அவங்க சொன்னதைத்தான் சொன்னேன் டாக்டர்."

"ஒரு சிப்பாய் வந்து என்கிட்ட சொன்னான்னு அவங்க சொன்னாக்கூடப் போதும். செவிவழிச் சாட்சியம்தான், ஒல்லிப்பிச்சான் சாட்சியம்தான், இருந்தாலும் அதை வெச்சு நான் ஏதாவது பண்ணுவேன். நீ பேசிப் பாரேன்."

"சாட்சிக்குச் சொல்லிக் குடுக்கிறது என் வேலை இல்ல."

"சரி, அப்ப சிமெண்டு லாரியை வரச் சொல்லிடவா?" என்று கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார். மனுஷர் பேசியது எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது உண்மைதான்.

எதிர்க் கடையில் மெல்ச்சோரா வேகவைத்த மக்காச்சோளமும் சீஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். நல்ல வெயில். பக்கத்து மேஜையில் இரண்டு போலீஸ்காரர்கள் கால்பந்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள நடந்ததைச் சொல்றப்ப ஏம்மா பார்த்த மாதிரியே சொல்றீங்க? யாராவது சொன்னதா?"

"யாரும் சொல்லல."

"அப்ப நீங்களே பார்த்தீங்களா?"

"நல்லாப் பார்த்தேன்."

"எங்க இருந்து?"

அவள் சீஸை ஒரு கடி கடித்தாள். மென்று விழுங்கினாள். "கீழ இருந்து," என்றாள்.

பேசாமல் எழுந்து போயிருக்கலாம். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"அன்னைக்கு அந்தச் செவுத்துல சாஞ்சு அழுதேன்," என்றாள் அவள். "கண்ணு சொருகிச்சு. அது வரைக்கும் எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் எந்திரிச்சு ஊருக்குப் போனேனாம். கல்யாணம் ஆச்சாம். ரெண்டு பொண்ணு பெத்தேனாம். நல்ல பொண்ணுங்களாம். எங்க வீட்டுக்காரரு கிண்டல் பண்ணுவாராம், 'ஏண்டி, உனக்கு நான் புருசனாமா?'ன்னு."

"நீங்க இன்னும் முழிக்கவே இல்லையாம்மா?"

"எப்படி முழிக்கிறது? எடத்தை விட்டுக் குடுத்துட்டேன்ல."

"யாருக்கு?"

அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடு மகளே. சீஸு கொஞ்சம் உப்பாம்."

மதியம் எல்லோரும் உட்கார்ந்ததும் ரிசோ எழுந்தார். ஒலார்த்தே கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

"அம்மா," என்றார் மெல்ச்சோராவிடம். "மத்தவங்க சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. எங்கே இருந்து பார்த்தீங்க?"

நான் கெச்சுவாவில் கேட்டேன். மெல்ச்சோரா கன்னத்தில் அதக்கி வைத்திருந்த கோகா இலையை எடுத்துக் கைக்குட்டையில் மடித்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலெல்லாம் மாறவில்லை. சினிமாவில்தான் மாறும். மாறியது பேச்சு. மலைமேட்டுக்காரர்கள் சொல்லுக்குச் சொல் நின்று பேசுவார்கள். இது சான் ஹசிந்தோ சந்தைப் பெண்களின் கெச்சுவா, வெடுக் வெடுக்கென்று, பாதி ஸ்பானிஷ் கலந்து. என் வீட்டில் பேசிய பேச்சு.

"குழிக்குள்ள இருந்துதான். நான்தான் முன்னாடியே அங்க கெடந்தேனே. மூடாமப் போட்டிருந்தாங்க. மேல ஒரு துண்டு வானமும் முற்றத்து ஓரமும் தெரிஞ்சுது."

"குழிக்குள் இருந்து. நான் முன்பே அங்கே கிடந்தேன்," என்றேன் ஸ்பானிஷில். விதிப்படி, 'நான்'.

"அந்தப் பையனைக் கொண்டாந்து ஓரத்துல நிக்க வெச்சாங்க. வெடிச் சத்தம். என் மேல வந்து விழுந்தான். பாவாடைப் பையில யாக்ஸ் வெச்சிருந்தேன். இடுப்புல குத்திக்கிச்சு."

நான் நிறுத்திவிட்டேன்.

யாக்ஸ் என்பது ஊர்ப் பெண்பிள்ளைகள் ஆடுவது. ரப்பர் பந்தைத் தட்டிவிட்டு, அது கீழே விழுவதற்குள் பிளாஸ்டிக் முள் காய்களை அள்ள வேண்டும். ஆடு மேய்க்கும் மலைமேட்டில் அந்தக் காலத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர் இருக்க மாட்டார்கள். என் அக்கா ஈர்மா சந்தைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: 'நாளைக்கு உன் பொறந்தநாளுக்கு யாக்ஸ் வாங்கிட்டு வரேன், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத, குட்டி மொளகா.' என் கோபத்துக்காக அவள் வைத்த பேர் அது. அவளைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. யாக்ஸ் விஷயத்தை நான் எந்த நீதிமன்றத்திலும், எவரிடமும் சொன்னதில்லை.

"மொழிபெயர்ப்பாளர்?" என்றார் நீதிபதி.

எனக்குப் பயமாக இருந்தது. அழுகையும் வந்தது. அழுதால் வேறு ஒருவரை வரவழைப்பார்கள், அவர் வருவதற்குள் மெல்ச்சோரா மறுபடி மெல்ச்சோராவாகிவிடலாம். விழுங்கிக்கொண்டேன்.

"என் பாவாடைப் பையில் யாக்ஸ் வைத்திருந்தேன்," என்றேன். "இடுப்பில் குத்தியது." சொன்னபோது என் இடுப்பில் நிஜமாகவே குத்தியது.

ரிசோ கத்தினார். இது நீதிமன்றமா, ஆவி கூப்பிடுகிற வீடா என்று கேட்டார். சாட்சியை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்றார், என்னையும் சேர்த்தே அனுப்பலாம் என்றார். ஒலார்த்தே அவரைப் பேசவிட்டார். மூச்சு வாங்க அவர் நிறுத்தியதும், "குழி எந்த இடத்திலேன்னு கேளுங்க," என்றார் என்னிடம்.

கேட்டேன்.

"தொவைக்கிற தொட்டி இருக்குல்ல," என்றாள் மெல்ச்சோரா. "அதுக்கு அடியில."

நான் வாயைத் திறந்தேன். ஒரு சொல் வெளியே வருவதற்குள் திரையிலிருந்து குரல் வந்தது.

"தொட்டி அப்புறம்தானே கட்டினது!"

கேப்டன். கண்ணை நன்றாகத் திறந்திருந்தார். ஸ்பானிஷில்தான் சொன்னார், ஆனால் பதில் சொன்னது கெச்சுவாவில் வந்த பேச்சுக்கு. ரிசோ மெதுவாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"மொழிபெயர்ப்பாளர் இன்னும் மொழிபெயர்க்கவே இல்லையே, கேப்டன்," என்றார் ஒலார்த்தே.

திரையில் அவர் முகம் திறந்த வாயோடு அப்படியே உறைந்து நின்றது. இணைப்புப் போய்விட்டதாம், கம்ப்யூட்டர்காரர் சொன்னார்.

மெல்ச்சோரா மட்டும் எதுவும் நடக்காதது போலத் திரையைப் பார்த்துத் தலையாட்டினாள். "ஆமா, அப்புறம்தான் கட்டினாங்க. தண்ணி எறங்கும். சோப்பு வாசனை வரும். மேல பசங்க சட்டை தொவைச்சுக்கிட்டே பாடுவாங்க. நல்லாத்தான் பாடுவாங்க, பாவம்."

அதையும் மொழிபெயர்த்தேன்.

தோண்ட உத்தரவு அடுத்த வாரம் வந்தது. ஒலார்த்தே அதில் குழிக்குள் இருந்து பேசியவளைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கேப்டனின் வாய்ப்பேச்சை எழுதினார். காணாமல்போனவர்களைத் தேடுவது அரசின் கடமை, எங்கே தோண்டுவது என்று துப்புக் கொடுக்கும் பாரத்தை அவர்களுடைய அக்கா தங்கைகள் தலையில் கட்ட முடியாது என்று எழுதினார். அந்த வரியைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாள் காலில் விழத் தோன்றியது. இத்தனை வருஷத்தில் எங்களிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஜூன் மாதம், மழை விட்டு மண் இறுகியிருந்தது. தொட்டியை உடைக்கவே ஒரு பகல் ஆயிற்று. மறுநாள் எலும்பு நிபுணர்கள் தூரிகையோடு உட்கார்ந்தார்கள். மெல்ச்சோரா கணவரோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். குளிருதாம், பசிக்குதாம் என்று முனகிக்கொண்டிருந்தாள். கணவர் நல்ல மனுஷர், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மதியத்துக்கு மேல் மண்ணுக்குள் பழுப்பு நிறம் தெரிந்தது. கம்பளி அவ்வளவு சீக்கிரம் மக்காது. மெல்ச்சோரா கயிற்றைத் தாண்டிப் போனாள், யாரும் தடுக்கவில்லை. குனிந்து அந்தப் பின்னலைத் தொட்டாள். கழுத்துப் பக்கம் ஒரு இடத்தில் பின்னல் தவறியிருந்தது. அதை விரலால் தேடிப் பிடித்தாள்.

"இது நான் விட்டது," என்றாள். "அவசரத்துல ஒரு கண்ணி விட்டேன்." பிறகு தரையில் உட்கார்ந்து, தம்பி பேரைச் சொல்லி, ஊரே கேட்கும்படி அழுதாள்.

அழுது முடித்து எழுந்தபோது, "குளிருது," என்றாள்.

'ஆம்' இல்லை. கணவர் தொப்பியைக் கழற்றினார். அவள் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். கையை நீட்டி அவர் தலையைத் தடவினாள்.

"உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்று கேட்டாள்.

அந்த மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் தாங்கவில்லை. கொஞ்சம் பொறுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அம்மா, அந்த யாக்ஸைப் பத்தி வேற ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"யாக்ஸா?" என்றாள். "அப்படின்னா என்ன மகளே?"

மாக்சிமோவை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார்கள். குழிக்குள் தூரிகையோடு இருந்த எலும்பு நிபுணர் பெண் நிமிர்ந்து, "கீழ இன்னொருத்தங்க இருக்காங்க," என்றாள். "பொண்ணு மாதிரித் தெரியுது." இன்னும் கொஞ்சம் மண்ணைத் தள்ளினாள். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் சிவப்பாக, மஞ்சளாக, பச்சையாக, முள் முள்ளாக ஏதோ தெரிந்தது. பிளாஸ்டிக் மக்கவே மக்காது.

பெந்தேசு என் பக்கத்தில் வந்து நின்றார். குரல் தணிந்திருந்தது. "இவங்க இந்த வழக்குல இல்ல, டெல்ஃபினா. பேரு தெரியணும். வருஷக்கணக்கா சோப்புத் தண்ணியில ஊறியிருக்கு, எலும்பைச் சோதிச்சா ஒண்ணும் தேறாதாம். யாராவது சாட்சி சொன்னாத்தான் தனி வழக்கு. இல்லேன்னா ஒரு பெட்டியில போட்டு, அடையாளம் தெரியாத பெண்ணுன்னு எழுதி வெச்சிடுவாங்க."

நான் குழியின் ஓரத்துக்குப் போனேன். குனிந்து பார்த்தேன். அது வரைக்கும் எனக்குத் தெரியும்.

நான் சாட்சி சொல்கிறேன் என்று பெந்தேசுவிடம் சொன்னேனாம்.

அன்று பஸ் ஏறி வாமங்காவுக்குத் திரும்பினேனாம். வழியெல்லாம் நல்ல வெயிலாம். வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு உரித்தேனாம், உரித்துக்கொண்டே இருந்தேனாம், சட்டி நிரம்பி வழிந்ததாம். வேலைக்கு விடுப்புச் சொன்னேனாம். வழக்குப் பதிவாக மழைக்காலம் வந்துவிட்டதாம்.

சாட்சி நாற்காலியில் உட்கார வைத்தார்களாம். எனக்கு மொழிபெயர்க்க கூஸ்கோவிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்களாம். எனக்கு ஸ்பானிஷ் தெரியுமே என்று ரிசோ கிண்டல் பண்ணினாராம். கெச்சுவாவில்தான் சொல்வேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேனாம்.

"உங்க பேரு?"

"டெல்ஃபினா சுல்காவாம்."

கூஸ்கோக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாராம். ஒலார்த்தே பேனாவைக் கீழே வைத்தாராம். மத்தவங்க சொல்றது இருக்கட்டும், நீங்க பார்த்ததைச் சொல்லுங்க என்றாராம்.

சொன்னேன். பார்த்ததை மட்டும் சொன்னேன்.

மேலே தொட்டியை உடைத்தார்கள். மண் உதிர்ந்தது, பிறகு வெளிச்சம் வந்தது. என் மேல் கிடந்த பையனைத் தூக்கினார்கள், நெஞ்சின் பாரம் குறைந்தது. ஓரத்தில் ஒருத்தி வந்து நின்றாள். காதோரம் நரைத்திருந்தாள். குனிந்து என்னைப் பார்த்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள், அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு பெரியவளாகிவிட்டாள். உன்னுதுதான், எடுத்துக்கோ குட்டி மொளகா என்று சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை.